சுவரைப் படித்த கண்ணுக்கு ஓவியம் புரியாதா?

புதுச்சேரி வைசியாள் வீதியில் காலை வெயில் சாய்வாக விழும் நேரம். பழைய வீடு ஒன்றின் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று பாருங்கள். மேலே மஞ்சள் பூச்சு. அது உரிந்த இடத்தில் என்றோ அடித்த நீலம். நீலமும் உதிர்ந்த இடத்தில் சுண்ணாம்புக் காரை, அதற்கும் உள்ளே செங்கல்லின் சிவப்பு. கடற்காற்றின் உப்பேறிய ஓரங்கள் பொருக்குத் தட்டி நிற்கின்றன. குறுக்கே ஒரு விரிசல் ஓடுகிறது. மனிதரோ மரமோ அங்கே இல்லை. ஆனாலும் கண் நகர மறுக்கிறது.

இந்தச் சுவரை ரசிக்கும் நாம்தான், அரூப ஓவியத்தின் முன் நின்றதும் "இது என்ன படம்?" என்று திகைக்கிறோம். அந்தத் திகைப்பைத் தீர்க்க நான் நம்பும் வழி, ஓவியர் கே.எம். ஆதிமூலம் நடந்த பாதையில் கூடவே நடந்து பார்ப்பது.

கறுப்பு மசியின் காலம்

திருச்சி மாவட்டக் கிராமம் ஒன்றில் 1938-ல் பிறந்தவர் ஆதிமூலம். சிற்பி எஸ். தனபாலின் அரவணைப்பில் சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றார். 1969-ல் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்கள் அவரை நாடறியச் செய்தன.

புதுச்சேரிக்காரர்களுக்கு அவரோடு இன்னொரு உறவும் உண்டு. லாஸ்பேட்டையில் வாழ்ந்து 2021 மே 17-ல் மறைந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் (கி.ரா.), ஜூனியர் விகடனில் எழுதிய 'கரிசல் காட்டுக் கடுதாசி' தொடருக்குப் படம் வரைந்தவர் ஆதிமூலம். கி.ரா.வின் பேச்சுத்தமிழைப் போலவே அந்தக் கோடுகளிலும் மண் ஒட்டியிருந்தது.

கத்தியில் எடுத்த வண்ணம்

பிறகு அவர் உருவங்களை விட்டு வண்ணங்களுக்குள் போனார். கோடு காணாமல் போய்விட்டதா? இல்லை. பேலட் கத்தியால் வண்ணத்தைக் கெட்டியாக அப்பி இழுக்கும்போது, கத்தி நின்ற இடத்தில் ஒரு விளிம்பு எழும்புகிறது. ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த வரப்புதான் இப்போது கோடு. வண்ணத்தின் மேடு பள்ளங்களில் வெளிச்சம் தங்கியும் வழுக்கியும் போகிறது. அந்தச் சொரசொரப்பைக் கண்ணாலேயே தொட்டுப் பார்க்கலாம்.

நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராகவும் வேலை பார்த்தவர் அவர். பாவில் நீலம், ஊடையில் பச்சை ஓடினால் மயில்கழுத்து நிறம் பிறக்கும் என்பது தறிக்காரருக்குத் தெரியும். பக்கத்தில் இருக்கும் நிறம்தான் ஒரு நிறத்தை ஆக்குகிறது. அவருடைய எண்ணெய் வண்ணப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தத் தறி உண்மை எனக்கு நினைவுக்கு வருகிறது.

ஆதிமூலம் 2008 ஜனவரியில் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற வண்ணவெளிகளுக்குக் கதைச்சுருக்கம் கிடையாது. நாகஸ்வர ஆலாபனையில் சொல் எங்கே என்று நாம் தேடுவதில்லையே!

அடுத்த முறை வைசியாள் வீதிக்குப் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அந்தச் சுவரில் எத்தனை மஞ்சள், எந்த மஞ்சள் நீலத்துக்குப் பக்கத்தில் சூடாகத் தெரிகிறது, விரிசல் எங்கே வேகமெடுத்து எங்கே தயங்குகிறது என்று கேளுங்கள். அவர்கள் பளிச்சென்று பதில் சொல்வார்கள். "இது என்ன படம்?" என்ற கேள்வி அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது.