முடியை நிறுத்துப் பார்க்கிறோம், பிள்ளையை?

கல்பாக்கத்தை அடுத்த புதுப்பட்டினத்தில் ஒரு வீட்டு அகீகாவுக்கு நாம் சென்றிருந்தோம். இரட்டைக் குழந்தைகள், ஓர் ஆண், ஒரு பெண். ஏழாம் நாள் முடி இறக்கி, அந்த முடியின் எடைக்கு வெள்ளியின் விலையைத் தர்மம் செய்வதற்காக, நகைக்கடைத் தராசு ஒன்றையே இரவல் வாங்கி வைத்திருந்தார்கள்.

தலையில் கத்தி பட்டும் இரண்டு பிள்ளைகளும் கண் திறக்கவில்லை. "தங்கமான பிள்ளைங்க ஹஜ்ரத். பால் கேட்டு அழுறதே இல்லை, ராத்திரி முழுக்கத் தூங்குதுங்க" என்று பாட்டியார் பூரித்துப் போனார்.

அன்று வீடு தேடி வந்த கிராம சுகாதார செவிலியர் பூரிக்கவில்லை. தாம் கொண்டுவந்த தராசில் இருவரையும் வைத்துப் பார்த்தார். பிறந்தபோது 2,100 கிராம் இருந்த மகன் இப்போது 1,900. மகள் 1,900 கிராமிலிருந்து 1,680க்கு இறங்கியிருந்தாள். "விருந்து இருக்கட்டும், இன்றே செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்" என்றார். அறைக்குள் இருந்த தாய், "எனக்குப் பால் இல்லை போலிருக்கிறது" என்று அழ ஆரம்பித்துவிட்டார்.

அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பிள்ளைகள் இப்போது நலம். ஆனால் முடியின் எடையைச் சரியாகப் பார்த்த நாம், பிள்ளையின் எடையைப் பார்க்க மறந்தோமே என்ற எண்ணம் நம்மை விடவில்லை. மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே பகிர்கிறோம்.

அழாத பிள்ளைக்கும் பசி உண்டு

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். அழத் தெம்பில்லாத பிள்ளை என்ன செய்யும்?

இரட்டைக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் 37 வாரம் நிறையும் முன்பே பிறந்துவிடுகிறார்கள். 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறப்பதும் அவர்களிடம் அதிகம். இப்படிப் பிறந்த பிள்ளைகளுக்கு உறிஞ்சும் வலு குறைவு. நாலு முறை சப்பியதும் களைத்துத் தூங்கிவிடுவார்கள். பால் உள்ளே போகாததால் உடலில் சர்க்கரை குறையும், மஞ்சள் காமாலை ஏறும். இரண்டுமே தூக்கத்தை இன்னும் கூட்டும். தூக்கம் கூடினால் பால் மேலும் குறையும். அந்தத் தூக்கம் வயிறு நிறைந்த தூக்கம் அல்ல, வலுவிழந்த தூக்கம்.

ஆகவே பசிக்கிறதா என்பதைப் பிள்ளையின் அழுகையை வைத்து முடிவு செய்யாமல், கடிகாரம், நனைந்த துணி, தராசு ஆகிய மூன்றையும் பாருங்கள்.

கடிகாரம்: 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் கொடுக்க வேண்டும். ஒரு முறை தொடங்கியதிலிருந்து அடுத்த முறை தொடங்குவதற்குள் 3 மணி நேரத்துக்கு மேல் ஆகக் கூடாது. எடை தேறும்வரை இரவுக்கும் இதே கணக்குதான். தூங்கினாலும் எழுப்ப வேண்டும்.

துணி: ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிய வேண்டும். கருப்பு மலம் மாறி மஞ்சளாகியிருக்க வேண்டும். பிள்ளை வாரியாக ஒரு தாளில் கோடு போட்டு வாருங்கள். இரட்டையரில் யார் குடித்தார், யார் குடிக்கவில்லை என்பது தூக்கக் கலக்கத்தில் மறந்துபோகும்.

தராசு: முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் கவலைக்குரியது. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்ப வேண்டும். அதன்பின் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 கிராம் கூட வேண்டும். மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டுக்கே வந்து பார்க்கும் அரசுத் திட்டம் இருக்கிறது. செவிலியர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடாதீர்கள்.

எழுப்புவது எப்படி?

போர்த்தியிருக்கும் துணியை அவிழ்த்து, நனைந்த துணியை மாற்றுங்கள். உள்ளங்காலையும் முதுகையும் மெல்லத் தேய்த்துவிடுங்கள். கண் கூசும் விளக்கை அணையுங்கள். பிறகு ஆடையில்லாமல் தாயின் வெறும் மார்பில் சாய்த்து, முதுகுக்கு மட்டும் துணி போர்த்துங்கள். பால் வாசனையே பல பிள்ளைகளை விழிக்க வைக்கும்.

1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், எடை குறைந்த பிள்ளைகளைத் தாயின் நெஞ்சோடு அணைத்து வளர்க்கும் முறை தொடங்கியது. கங்காரு முறை என்று நம் மருத்துவமனைகளிலும் இதைச் சொல்லித் தருகிறார்கள். தந்தையும் இதைச் செய்யலாம். ஒரு பிள்ளை தாயின் நெஞ்சில் பால் குடிக்கும்போது மற்றது தந்தையின் நெஞ்சில் சூடாக இருக்கட்டும்.

காம்பை மட்டும் கவ்வினால் பால் வராது. வாய் அகலத் திறந்து, காம்பைச் சுற்றிய கருவளையமும் பெரும்பாலும் உள்ளே போய், மோவாய் மார்பில் பட வேண்டும். பிள்ளை சப்புவதை நிறுத்தித் தூங்கினால் மார்பை மெல்ல அழுத்திக் கொடுங்கள். பால் வந்ததும் மறுபடி விழுங்கும். விழுங்கும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள்.

முதல் வாரங்களில் ஒவ்வொரு பிள்ளையாகக் கொடுத்துப் பழகுவது நல்லது. இருவரும் நன்றாகக் கவ்வப் பழகியபின், இரண்டு கக்கத்திலும் தலையணை வைத்து, கால்கள் பின்பக்கம் போகுமாறு அணைத்து ஒரே நேரத்தில் கொடுக்கலாம். வலுவான பிள்ளைக்கு ஒரு பக்கம், நோஞ்சானுக்கு ஒரு பக்கம் என்று நிரந்தரமாகப் பிரிக்காமல் மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

பாலாடை

இரு பிள்ளைகளுக்கும் பால் போதுமா என்பதுதான் தாயின் பெரிய பயம். மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறும். தூங்கும் பிள்ளைகள் காலி செய்யாவிட்டால், ஊறுவதும் குறையும். எனவே பால் கொடுத்து முடித்ததும் சுத்தமான கையால் மீதியைப் பீய்ச்சி எடுத்து, பாலாடையில் ஊட்ட வேண்டும். சங்கு என்றும் சொல்லும் நம் பாட்டிமார்களின் அந்தச் சிறு கிண்ணம் இன்று பச்சிளங்குழந்தைப் பிரிவுகளிலும் புழங்குகிறது. கொதிநீரில் சுத்தம் செய்து, விழித்திருக்கும் பிள்ளையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள். தூங்கும் பிள்ளையின் வாயில் ஒருபோதும் ஊற்றாதீர்கள்; புரையேறிவிடும். பீய்ச்சிய பாலை நம் கடற்கரை வெயிலில் 4 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம்.

ஒரு பிள்ளையை அரை மணி நேரத்துக்கு மேல் மார்பில் வைத்துப் போராட வேண்டாம். குடிக்கும் சக்தியும் அதிலேயே செலவாகும். பிறகு பாலாடையைப் பாட்டியோ தந்தையோ எடுத்துக்கொள்ளட்டும். அந்த நேரத்தில் தாய் அடுத்த வேளைக்குப் பால் எடுத்துவிட்டுக் கண்ணயரட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் எடை ஏறாமல் மருத்துவர் பவுடர் பால் சேர்க்கச் சொன்னால், சொன்ன அளவில் கொடுங்கள். அது தாயின் தோல்வி அல்ல. ஆனால் யாரையும் கேட்காமல் கடையில் வாங்கித் தொடங்காதீர்கள். அத்தகைய பால் மாவுக்கு விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1992ஆம் ஆண்டின் சட்டம் தடுத்திருக்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

வாயில் எதை வைக்கலாம்?

சீம்பாலைக் கறந்து கொட்டாதீர்கள். பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் பாதுகாப்பு அது. சர்க்கரைத் தண்ணீர், கழுதைப் பால், உரை மருந்து எதுவும் வேண்டாம். சிறிய வயிற்றில் அவை இடத்தை அடைத்து, தாய்ப்பாலைக் குறைத்துவிடும்.

தஹ்னீக் சுன்னத்தாயிற்றே என்று கேட்பீர்கள். மென்று கூழாக்கிய பேரீத்தம்பழத்தை மேலண்ணத்தில் சிறிது தடவுவதே தஹ்னீக். அது உணவாக ஊட்டுவதல்ல. குறைமாதக் குழந்தையாக இருந்தால் மருத்துவர் சம்மதித்த பிறகு செய்யுங்கள். பேரீத்தம்பழத்துக்குப் பதிலாகத் தேன் மட்டும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் நரம்புகளைத் தாக்கும் கடும் நச்சு நோய் வரக்கூடும்.

தாயைக் கவனிப்பது யார் கடமை?

பால்குடியைப் பற்றிப் பேசும் திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 233ஆம் வசனம், தாய்க்கு மட்டும் கடமை சொல்லி நிற்கவில்லை. பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குகிறது. பிள்ளையின் பெயரால் தாய் துன்புறுத்தப்படக் கூடாது என்றும் சொல்கிறது. "உனக்குப் பால் இல்லை" என்று குத்திக்காட்டுவதும் அந்தத் துன்பத்தில் அடங்கும் என்பதே நம் எண்ணம்.

பத்தியம் என்ற பெயரில் பூண்டும் கஞ்சியும் மட்டும் கொடுக்காதீர்கள். முட்டை, பருப்பு, கீரை, தாராளமாகத் தண்ணீர் வேண்டும். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை நம் கரையில் பால் சுறாப் புட்டு செய்து கொடுப்பார்கள். சுறாவில் பாதரசம் சேரும் என்பதால் அதைக் குறைத்து, நெத்திலியும் மத்தியும் கொடுத்தால் சத்துக்குக் குறைவில்லை. ரமளான் வந்தால், தனக்கோ பிள்ளைக்கோ பாதிப்பு வரும் என்று அஞ்சும் தாய் நோன்பை விட்டுவிட்டுப் பிறகு களா செய்யச் சலுகை உண்டு. ஃபித்யாவும் சேருமா என்பதை உங்கள் மத்ஹபு அறிந்த ஆலிமிடம் கேளுங்கள்.

சின்னம்மாவோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ பால் கொடுக்க முன்வந்தால், மருத்துவரைக் கேட்டபின் ஏற்கலாம். ஆனால் யார், எத்தனை முறை கொடுத்தார் என்று எழுதி வையுங்கள். பால்குடி உறவு திருமணத்தைத் தடுக்கும் உறவு. தாய்ப்பால் வங்கி விஷயத்திலும் இதனால்தான் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. 1985இல் ஜித்தாவின் சர்வதேச ஃபிக்ஹு அகாடமி அதைக் கூடாதென்றது. ஆகுமென்ற அறிஞர்களும் உண்டு. உயிர் காக்க அவசியம் என்று மருத்துவர் சொல்லும்போது தயங்கி நேரத்தைக் கடத்த வேண்டாம்.

உடனே புறப்பட வேண்டிய நேரம்

எவ்வளவு எழுப்பியும் விழிக்கவில்லை, அடுத்தடுத்து இரண்டு வேளை குடிக்கவில்லை, உடல் சில்லிடுகிறது அல்லது கொதிக்கிறது, மூச்சு வேகமாக வாங்குகிறது, உள்ளங்கை உள்ளங்கால்வரை மஞ்சள் ஏறியிருக்கிறது, வலிப்பு வருகிறது என்றால் ஓதிப் பார்ப்பதற்காக நம்மிடம் கொண்டுவராதீர்கள். 108ஐ அழையுங்கள். துஆவை வண்டியில் போகும்போதே கேட்கலாம்.

புதுப்பட்டினத்துப் பிள்ளைகளை நாற்பதாம் நாள் பார்த்தோம். மகன் 2.7 கிலோ, மகள் 2.4 கிலோ. சுவரில் ஒட்டிய தாள் முழுக்கத் தந்தை போட்ட கோடுகள். பாட்டியார் கையில் பாலாடை. மகள் வீடே அதிர அழுதாள். "இப்பதான் ஹஜ்ரத் இது நல்ல பிள்ளை" என்றார் பாட்டியார்.

உங்கள் வீட்டில் அடுத்த அகீகாவுக்கு ஒரு தராசு போதாது, இரண்டாகக் கொண்டுவாருங்கள். எல்லாத் தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக, ஆமீன்.