கோபுரம் பெரிது, ஆள் சிறிது

1809-ல் லண்டனில் வெளியான 24 படங்களின் தொகுப்பில் ராமேஸ்வரம் கோயிலும் ஒன்று. வரைந்தவர் ஹென்றி சால்ட்; இந்தியாவில் பயணம் செய்த வாலன்ஷியா பிரபுவின் ஓவியராக 1804-ல் இலங்கையிலிருந்து கடல் தாண்டி இங்கே வந்தவர். முந்தின வருடம்தான் சேதுபதி மன்னர்கள் ஆண்ட இந்தச் சேதுசீமையை, கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனியார்) ஜமீன் ஆக்கியிருந்தார்கள்.

அந்தக் காலத்து ஐரோப்பிய நிலக்காட்சிப் படங்களில் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். பல்லக்குத் தூக்கிகள், குடம் சுமப்பவர்கள், மாடு ஓட்டுபவர்கள் சிலர் நிற்பார்கள். கட்டடத்தின் உயரம் தெரிய ஓர் அளவுகோல் வேண்டும், அதற்குத்தான் அவர்கள். முகம் பெரும்பாலும் இருக்காது.

முகம் இல்லாமல் போனதில் செம்புக்கும் பங்கு உண்டு. இந்தப் படங்கள் அச்சான 'அக்வாடின்ட்' முறையில் செப்புத் தகட்டின் மேல் பிசின் தூளைப் படியவிட்டுச் சூடு காட்டுவார்கள். துகள்கள் உருகி ஒட்டிக்கொள்ளும். தகட்டை அமிலத்தில் இட்டால், துகள்களுக்கு நடுவே தெரியும் செம்பு மட்டும் அரிபடும். வெளுப்பாக இருக்கவேண்டிய இடத்தை வார்னிஷ் பூசி மூடிவிட்டு, மறுபடி அமிலம். எவ்வளவு நேரம் அரிக்கிறதோ அவ்வளவு பள்ளம், அவ்வளவு மை, அவ்வளவு கருமை. மேகத்துக்கும் கல்சுவருக்கும் இது அருமையாக ஒத்துவரும். மிளகளவு முகத்துக்கு ஒத்துவராது. அதற்குத் தனியே கோடு கீற வேண்டும்.

ஆனால் பழி முழுவதையும் அமிலத்தின் மேல் போட்டுவிட முடியாது. கோடு கீறத் தெரிந்த ரெம்பிராண்ட், 1643-ல் செய்த 'மூன்று மரங்கள்' படத்தில் தூண்டில் போடுகிறவனைச் சில கீறல்களிலேயே உயிரோடு உட்காரவைத்திருக்கிறார். லண்டனில் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு வேண்டியிருந்தது கோயில், தூக்கியவன் அல்ல.

ராமநாதபுரம் ராமலிங்க விலாச அரண்மனையின் 18-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. அங்கே சேதுபதி பெரிய உரு, பணியாளர்கள் சின்ன உரு; அந்தஸ்துதான் அளவு என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது சுவர். ஐரோப்பியப் படமோ 'தள்ளி நிற்கிறான், அதனால் சின்னவன்' என்கிறது. எனக்குச் சுவரின் நேர்மை பிடிக்கிறது.

சால்ட் வரைந்த கோயிலுக்கே திரும்புவோம். மணலும் பவளப்பாறையுமான ராமேஸ்வரம் தீவில் கருங்கல் கிடையாது. பிராகாரத்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தூண்களுக்கும் கல் வெளியிலிருந்து, நீரைக் கடந்து வந்தாக வேண்டும். மூன்றாம் பிராகாரம் சால்ட் வருவதற்குச் சில பத்தாண்டுகளுக்கு முன்தான் முடிந்திருந்தது. அந்தக் கல்லை இழுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அப்போது இந்தக் கரையில்தான் இருந்திருப்பார்கள்.

உழைத்தவர் பெயர் தெரியாமல் போகும் கதை லண்டனிலும் உண்டு. இத்தகைய படங்களின் அடியில் வரைந்தவர் பெயரும் தகட்டைச் செதுக்கியவர் பெயரும் பொடி எழுத்தில் இருக்கும். ஒவ்வொரு பிரதிக்கும் கையால் வண்ணம் தீட்டிய கூலிக்காரர்களின் பெயர் இருக்காது.