நீடிக்கும் காய்ச்சலும் காய்ச்சாத பாலும்

ஜெயங்கொண்டம் வட்டாரத்து ஊர்களில் மாடும் ஆடும் வளர்க்கும் வீடுகள் பல. கறந்த சூட்டோடு பச்சைப்பாலைக் குடித்தால் உடம்பு தேறும் என்ற நம்பிக்கையும் நம்மிடையே உண்டு. மெலிந்த குழந்தைக்கு வெள்ளாட்டுப் பாலைக் காய்ச்சாமலே கொடுப்பவர்களும் இருக்கின்றனர். இப்பழக்கத்தால் வரக்கூடிய நோய்களுள் ஒன்று, மாதக்கணக்கில் நீடிக்கும் புருசெல்லோசிஸ் காய்ச்சல்.

கால்நடைகளில் இதனைக் கன்று வீச்சு நோய் என்பர். சினை மாடு மாதம் நிறையும் முன்னரே கன்றை வீசிவிடுவது இதன் முக்கிய அடையாளம். அதன்பின் மாடு நலமாகத் தோன்றினாலும் பாலில் கிருமி வெளிப்பட்டுக்கொண்டிருக்கலாம். பாலின் நிறமோ மணமோ சுவையோ மாறுவதில்லை.

மால்டா தீவில் ஆங்கிலேயப் படைவீரர்களை இக்காய்ச்சல் நெடுங்காலம் வாட்டியது. 1887-இல் டேவிட் புரூஸ் என்ற மருத்துவர் கிருமியைக் கண்டறிந்தார். எனினும், நோயற்றவை போலத் தெரிந்த ஆடுகளே அதைச் சுமந்தன என்பது 1905-இல்தான் தெரியவந்தது. மறு ஆண்டு படையினருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டதும் நோய் விரைவாகக் குறைந்தது.

கிருமி உடலில் புகுந்த 2 முதல் 4 வாரங்களில், சிலருக்கு மாதங்கள் கழித்து, அறிகுறிகள் தோன்றும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மிகுந்த வியர்வை, முதுகுவலி, மூட்டுவலி, பசியின்மை ஆகியவை காணப்படும். டைபாய்டு என்றோ காசநோய் என்றோ தவறாகக் கருத இடமுண்டு. காய்ச்சலுக்கு வழக்கமாகச் செய்யும் பரிசோதனைகளில் இது தெரியாமல் போகலாம். இதற்கெனத் தனி இரத்தப் பரிசோதனை தேவை. எனவே, "வீட்டில் மாடு உண்டா? கன்று வீசியதா? பாலைக் காய்ச்சித்தான் குடிக்கிறீர்களா?" என்று நாங்கள் வினவினால் தயங்காமல் கூறுங்கள். நாங்கள் கேட்கத் தவறினாலும் நீங்களே கூறுங்கள்.

சிகிச்சையால் குணமடையலாம். பொதுவாக இரண்டு மருந்துகளைச் சேர்த்து 6 வாரங்களேனும் உட்கொள்ள வேண்டும். காய்ச்சல் தணிந்ததும் நிறுத்திவிட்டால் நோய் மீண்டும் வரக்கூடும். முதுகெலும்பையும் இதய வால்வையும் தாக்கவும் கூடும். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மருந்து வேறுபடும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

பாலை நன்கு பொங்கக் காய்ச்சிய பின்னரே குடியுங்கள்; தயிருக்கு உறை ஊற்றுவதும் காய்ச்சிய பாலிலேயே இருக்கட்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதால் கிருமி சாவதில்லை.

கன்று ஈனும்போதும் வீசும்போதும் இளங்கொடியை வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை அணிந்து எடுத்து, சுண்ணாம்பு இட்டு ஆழப் புதையுங்கள். கர்ப்பிணிகள் அருகில் செல்ல வேண்டாம்.

2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ், 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு இந்நோய்க்கான தடுப்பூசி ஒருமுறை போடப்படுகிறது. உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தை அணுகுங்கள்.

வீட்டில் ஒருவருக்கு நோய் உறுதியானால், அதே பாலைக் குடித்த மற்றவர்களையும் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.