ஆடிக் காற்றுக்கு எத்தனை பல்?

இலுப்பூரிலிருந்து அன்னவாசல் வழியாகப் புதுக்கோட்டைக்குப் போகும் சாலையில் பெரிய ஏற்றம் கிடையாது. குன்றுகள் தள்ளியே நிற்கின்றன. சைக்கிள் மிதிப்பவர்களை இங்கே சோதிப்பது ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. போகும்போது முதுகில் தள்ளும். திரும்பும்போது எதிரே நின்று மறிக்கும். கேரியரில் சுமை இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இதற்குக் கியர் சைக்கிள்தான் வழி என்று பலர் நினைக்கிறார்கள். கடையில் பத்து நிமிட வேலையில் தீர்கிற விஷயம் இது. முன்னால் 44 பல், பின் பிரீவீலில் 18 பல் உள்ள 28 அங்குலச் சைக்கிளை எடுத்துக்கொள்வோம். பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி ஏறக்குறைய 5.4 மீட்டர் ஓடும். 22 பல் பிரீவீல் மாட்டினால் 4.4 மீட்டர்தான். வேகம் குறையும், மிதி லேசாகும். செயினில் ஒரு கண்ணி சேர்க்க வேண்டிவரலாம், அவ்வளவுதான்.

கியர் இருந்தால் காற்றுக்கும் சுமைக்கும் தக்கபடி மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள். உண்மைதான். ஆனால் வாங்கியவர்களில் எத்தனை பேர் மாற்றுகிறார்கள்? முன்னே பெரிய பல், பின்னே சின்னப் பல் என்று வைத்துவிட்டு எதிர்காற்றிலும் அதையே அழுத்தி மிதிக்கும் பையன்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. வேகம் வராது; பாரமெல்லாம் முழங்காலில் இறங்கும். நிமிடத்துக்கு எழுபது, எண்பது சுற்று சிரமமில்லாமல் மிதிக்க முடிகிற பல்தான் சரியான பல். முன்னும் பின்னும் பெரிய பல்லாகப் போடுவதும் கூடாது. செயின் கோணலாக ஓடித் தேயும்.

முழங்காலைப் பற்றி இத்தனை சொல்லக் காரணம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து சைக்கிள் பழகியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று ஆண்கள் சைக்கிளையே விரும்பி ஓட்டியவர்களும் உண்டு. தண்ணீர்க் குடமும் விளைபொருளும் கேரியரில் ஏறின. அன்று இருபது வயதில் மிதித்தவர்களுக்கு இன்று ஐம்பது தாண்டிவிட்டது. இன்னும் ஓட்டுகிறவர்களுக்கு அதே 18 பல் எதற்கு? வீட்டில் யாராவது பழைய வண்டியில் போய்வந்தால், அடுத்த முறை கடைக்கு விடும்போது 22 பல் கேளுங்கள்.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வரும் விலையில்லாச் சைக்கிளில் கியர் கிடையாது. அதில் முதலில் சீட்டைப் பாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்க வேண்டும். அதற்குப் பிறகும் எதிர்காற்றில் எழுந்து நின்று மிதிக்கிறார்கள் என்றால், பின்பல்லை மாற்றிக் கொடுங்கள்.