'லைன்' என்னும் சிறு சொல்

ஆங்கிலத்தில் 'லைன்' என்பது ஓரசைச் சொல். ஆளிச் செடியின் நாரால் திரித்த நூலைக் குறித்த இலத்தீன் சொல்லினின்று அது பிறந்தது. நூலை இழுத்துப் பிடித்தால் நேராக நிற்கும். ஆதலால் காகிதத்தில் இடும் கோடும் லைன் ஆயிற்று. தூண்டிற் கயிறு, செய்யுளின் அடி, தொலைபேசித் தொடர்பு, படைவீரரின் அணி, 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிய இருப்புப் பாதை ஆகிய யாவற்றுக்கும் ஆங்கிலேயர் இவ்வொரு சொல்லையே ஆள்வர்.

இலங்கையின் மலைநாட்டில் வேரூன்றிய பொருளோ வேறொன்று. இந்தியாவில் பிரித்தானியப் படையின் சிப்பாய்கள் தங்கிய வரிசைக் குடியிருப்புகளுக்கு 'லைன்ஸ்' என்று பெயர். கோப்பித் தோட்டத் துரைமாரும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருக்கு நீண்ட வரிசைக் கட்டடங்களையே எழுப்பினர். பெயரும் அதுவே ஆயிற்று. 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, லைன் மட்டும் மாறவில்லை. தொழிலாளர் நாவில் அது 'லயன்' என்றும் 'லயம்' என்றும் திரிந்தது. இசையில் காலவொழுங்கைக் குறிக்கும் லயம் வடசொல்; இவ்விரண்டுக்கும் ஒலியொற்றுமையன்றி உறவில்லை.

லயத்தின் அறைக்குக் 'காம்பரா' என்று பெயர். அது போர்த்துக்கீசர் சொல். முன்புறத் தாழ்வாரம் 'இஸ்தோப்பு'. அது ஒல்லாந்தர் சொல். பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடியான அக்குடியிருப்பினுள், இலங்கையை ஆண்ட மூன்று ஐரோப்பிய இனத்தாரின் மொழிகளும் இடம் பிடித்துவிட்டன.

ஆனால் மலையேறிக் கொழுந்து பறிக்கும் இடத்தில் நிலைமை வேறு. தேயிலைச் செடிகளின் வரிசையும் ஆங்கிலத்தில் லைன் எனத் தக்கதே. எனினும் தொழிலாளர் அதனை 'நிரை' என்றே வழங்குகின்றனர். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நிரை என்று கங்காணி பிரித்துக் கொடுப்பார். தம் கையால் செய்த தொழிலுக்குத் தம் சொல்லையே வைத்துக்கொண்ட மக்கள், பிறர் கட்டித் தந்த உறைவிடத்துக்குப் பிறர் சொல்லை ஏற்றனர்.

அச்சொல்லில் ஒரு குறையும் உண்டு. லயம் வரிசையைக் குறிக்குமேயன்றி, அதனுள் வாழும் தனிக் குடும்பத்தைக் குறிக்காது. மேட்டு லயம், பணிய லயம் என்றால் ஊரார்க்கு விளங்கும். தபாற்காரருக்கு அது போதாது. ஆகவே நெடுங்காலம் கடிதங்கள் தோட்டத்தின் பெயரைத் தாங்கி, தோட்ட அலுவலகம் சென்றே உரியவர் கையை அடைந்தன. வீட்டுக்கென இலக்கமும் நிலத்துக்கென உறுதியும் இல்லாத குடும்பத்துக்குத் தோட்டத்தின் பெயரே முகவரி.

அண்மைக் காலத்தில் 7 பேர்ச் நிலத்தில் வீடு கட்டித் தரும் திட்டங்கள் வந்துள்ளன. 2017இல் நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர், முன்னர் ஏற்ற 4,000 வீடுகளுக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். எனினும் லயங்களில் வாழ்வோர் இன்றும் பலர். புதிய இல்லங்களை மலையக மக்கள் 'தனி வீடு' என்கின்றனர். வரிசையில் ஓர் அறையாக எண்ணப்பட்டோர்க்கு அத்தொடரில் இனிப்பது 'தனி' என்னும் முதற்சொல்லே.