நீரை இறைத்தால் வீடு ஏன் இறங்குகிறது?

“பக்கத்து நிலத்தில் ஆழமாகத் தோண்டுகிறார்கள். இரவு பகலாகப் பம்பு ஓடுகிறது. எங்கள் சமையலறைச் சுவரில் விரிசல். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?”

நமது கருத்துக்களத்தில் தரைவீட்டில் வசிக்கும் ஓர் அம்மா கேட்டார். பதில் முடிவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

தொடர்பு இருக்கலாம், நேயர்களே. மண்ணுக்குள் இருக்கும் நீரும் மேலுள்ள பாரத்தில் ஒரு பங்கைத் தாங்குகிறது. நிலத்தடி நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினால், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 டன் பாரம் கூடுதலாக மண் துகள்கள் மீது ஏறும். இறுகிய மணல் அதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். சிங்கப்பூரில் காலாங், மரினா வட்டாரங்களில் உள்ள கடற்களிமண் அப்படியல்ல. நீர் பிழியப்படப் பிழியப்பட அது மாதக்கணக்கில், ஏன் ஆண்டுக்கணக்கில்கூட அமுங்கும். ஆழமான அடித்தூண்கள் மீது நிற்கும் அடுக்குமாடி பொதுவாக அசையாது. பின்கட்டில் பிறகு சேர்த்த சமையலறைதான் இறங்கும். விரிசலும் பழைய சுவரோடு அது சேரும் இடத்தில்தான் பெரும்பாலும் விழும்.

ஆகவே, “எத்தனை பம்பு?” என்பது பொறியாளரின் கடைசிக் கேள்வியாக இருக்க வேண்டும். எந்த மண், எந்த ஆழத்தில், எவ்வளவு வேகமாக நீரை விடுகிறது என்பதைத் துளையிட்டு, இறைத்துப் பார்த்துச் சோதிப்பதே முதல் வேலை. மணலென்றால் சிறு குழாய்களை வரிசையாக இறக்கி உறிஞ்சலாம். அப்படி உறிஞ்சுவது நடைமுறையில் 5, 6 மீட்டருக்கு மேல் எடுபடாது. அதற்குக் கீழே ஆழ்கிணறும் நீர்மூழ்கிப் பம்பும் வேண்டும். சுற்றிலும் களிமண்ணும் வீடுகளும் என்றால், நீர் புகாத சுவரை ஆழமாக இறக்கி, குழிக்குள் இருக்கும் நீரை மட்டும் இறைப்பதே நல்லது. செலவு கூடும்தான். வெளியே நீர்மட்டம் குறைந்தால், வேறு கிணறுகள் வழியாக நீரைத் திரும்ப மண்ணுக்குள் செலுத்துவதும் உண்டு.

இன்னொரு ஆபத்து, நீரோடு மண்ணும் வருவது. பம்பு நீர் தொடர்ந்து கலங்கலாக வந்தால் எங்கோ நிலத்தடியில் பொந்து விழுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். கோலாலம்பூரின் சுண்ணாம்புப் பாறையில் பொந்துகள் ஏற்கெனவே இருக்கின்றன. நீர்மட்டம் இறங்கினால் மேல் மண் அவற்றுக்குள் சரிந்து புதைகுழி உண்டாகும். 2007இல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கத்தைத் தோண்டியபோது, முகப்பில் சேற்றுக் குழம்பை அழுத்தத்தில் வைத்துத் தோண்டும் இயந்திரங்களைப் பயன்படுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த அம்மாவுக்கு: தோண்டும் முன் உங்கள் வீட்டைப் படமெடுத்துப் பதிவு செய்தார்களா என்று குத்தகையாளரிடம் கேளுங்கள். உங்கள் பக்கத்து நீர்மட்ட அளவுகளையும் நிலம் இறங்கிய அளவுகளையும் கேளுங்கள். எந்த அளவைத் தாண்டினால் வேலையை நிறுத்துவார்கள் என்பதையும் கேளுங்கள். விரிசலின் இரு முனைகளிலும் இன்றே பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி விரிசல் நீண்டால் அடுத்த கோடு, அடுத்த தேதி. படமும் எடுத்து வையுங்கள்.