சோப்புக் குமிழி ஏன் 2008 வரை சிக்கவில்லை?

சிக்னஸ் விண்மீன் குழுவில் பிறை நெபுலா (என்ஜிசி 6888) இருக்கிற பகுதியை, வானத்தைப் படம் எடுக்கிறவர்கள் எத்தனையோ தடவை எடுத்திருக்கிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே கிட்டத்தட்ட கச்சிதமான வட்டமாக ஒரு கோள் நெபுலா இருக்கிறது. அதை 2008 ஜூலையில்தான் டேவ் ஜுராசெவிச் என்ற அமெரிக்க அமெச்சூர் கண்டுபிடித்தார். இப்போது அதன் பெயர் சோப்புக் குமிழி நெபுலா.

பெயரில் கோள் இருந்தாலும் கோளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சூரியனைப் போன்ற விண்மீன் முதுமையில் தன் வெளியடுக்குகளை உதறிவிடும். மிஞ்சிய சூடான மையத்தின் புறஊதாக் கதிர் பட்டு அந்த வாயு ஒளிரும்.

குமிழி தப்பித்ததற்குக் காரணம் அதன் மங்கல்தான். பின்னால் சிவப்பாக ஒளிரும் ஹைட்ரஜன் மேகத்தில் அது கரைந்துவிடுகிறது. ஆனா, நமக்குச் சாதகமா ஒரு விஷயம் இருக்கு. கோள் நெபுலாவின் ஒளி எல்லா நிறத்திலும் பரவிக் கிடப்பதில்லை. சில அலைநீளங்களில் குவிந்திருக்கும். இரட்டை அயனி ஆக்சிஜனின் 500.7 நானோமீட்டர் அதில் முக்கியமானது. தெருவிளக்கும் நிலவொளியும் அப்படியல்ல, பரவலாக வரும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அகலம் சுமார் 300 நானோமீட்டர்னு வச்சுக்குங்க. கறுப்பு வெள்ளைக் கேமராவுக்கு முன்னால் 3 நானோமீட்டர் ஃபில்டர் போட்டால், பின்னணி வெளிச்சம் தோராயமாக நூறில் ஒன்றாகிவிடும். நெபுலாவின் ஒளி பெரும்பாலும் அப்படியே உள்ளே வரும். இத்தனை பலன் பெரிய கண்ணாடி வாங்கினாலும் கிடைக்காது என்பது என் கருத்து.

மிச்சம் பொறுமை. சிக்னல் நேரத்தோடு நேராக ஏறும், இரைச்சலோ நேரத்தின் வர்க்கமூலமாகத்தான் ஏறும். 4 மணி நேரப் படம் இரண்டு மடங்கு சுத்தமாக வேண்டுமென்றால் 16 மணி நேரம் எடுக்கணும். அதனால்தான் பல இரவுகளின் படங்களை அடுக்கிச் சேர்க்கிறார்கள்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். மங்கலானதைக் கணினியில் இழுத்து வெளிச்சமாக்கும்போது, ஃபில்டருக்குள் பட்டுத் திரும்பிய ஒளியும் சென்சார் மேல் உட்கார்ந்த தூசியின் நிழலும் சேர்ந்தே எழும்பும். அவையும் பார்க்க வட்டமாகத்தான் இருக்கும்! ஆக, இவ்வளவு கச்சிதமான குமிழியைப் படத்தில் பார்த்தால் முதலில் சந்தேகம்தான் வரணும். தொலைநோக்கியைக் கொஞ்சம் நகர்த்தி, கேமராவைத் திருப்பி மறுபடி எடுத்துப் பார்க்கலாம். தூசி நிழல் சென்சாரிலேயே நிற்கும், பிரதிபலிப்பும் இடம் மாறும். நிஜமான நெபுலா விண்மீன்களோடு ஒட்டிக்கொண்டே வரும். வேறொரு கருவியில் வேறொருவருக்கும் தெரிந்தால் இன்னும் நல்லது. மெல் ஹெல்ம், கீத் குவாட்ரோக்கி இருவரும் அதே மாதம் தனியாக இதையே படம் பிடித்திருந்தார்கள்.